முடித்துவைக்கப்பட்ட வலி

உலகில் இதுவரை கட்டப்பட்ட மருத்துவமனைகள் எல்லாம் மனிதகுலம் அவசரப்பட்டுக் கட்டியவை என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. கொஞ்சம் பொறுத்திருக்கலாம். ஒரு பிடி கல்லுப்பு, ஓர் எலுமிச்சம்பழம், தேய்ந்துபோன ஒரு துடைப்பம், வானம் மனமிரங்கித் தரும் ஓர் இடி, இவற்றை வைத்தே தலைவலி முதல் தலைவிதி வரை சகலத்தையும் சரிசெய்துவிடலாம் என்று ஒருவர் வந்து சொல்லத்தான் போகிறார் என்று காத்திருந்திருக்கலாம். வந்தார், சொன்னார். அவர் ஓர் அலுவலகத்தில் குறைதீர்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளர். இந்தக் கதையில் வருகிற தையல்காரிக்குக் கணவராக இருப்பது அவருடைய கூடுதல் பொறுப்பு. கூடுதல் பொறுப்பு என்றால் தெரியும் அல்லவா? நாற்காலி காலியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக உட்கார்ந்திருப்பது.

அவருடைய பிரிவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை வழிகிறது என்று ஊரில் யார் எழுதிப் போட்டாலும் அது அவருடைய மேசைக்குத்தான் வரும். அங்கே ஓர் உன்னதமான நடைமுறை இருந்தது. பதில் போய்விட்டால் குறை போய்விட்டது. 'ஆவன செய்யப்படும்' என்ற ஒரு வரி தபாலில் ஏறியதும் கோப்பின் நெற்றியில் 'முடித்துவைக்கப்பட்டது' என்ற முத்திரை விழும். தண்ணீர் வந்ததா என்று போய்ப் பார்ப்பது வேறொரு பிரிவின் வேலை. அந்தப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை. அதே ஆள் அதே குழாயைப் பற்றி மறுபடியும் எழுதினால்? அது புதிய குறை. புதிய எண், புதிய பதில், புதிய முத்திரை. ஆகவே அந்தப் பிரிவில் பழைய குறை என்று ஒன்று இருந்ததே கிடையாது. ஊரில் தேங்கி நின்றது சாக்கடை மட்டும்தான், கோப்புகள் தேங்கவில்லை. இதைப் பாராட்டி மேலிடம் அவருக்கு ஒரு கேடயம் அனுப்பியது. அதை அவர் வீட்டு முன்னறையில், மனைவியின் தையல் மேசைக்கு நேர் மேலே மாட்டினார். ஆணி சற்றுத் தளர்வு. அவள் தைத்துக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொள்வாள். அவர் அதைப் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டார்.

வைத்தியம் அவருக்குள் புகுந்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் அலுவலக மேலாளருக்கு விக்கல். தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை, மூச்சை அடக்கியும் நிற்கவில்லை. கண்காணிப்பாளர் அலமாரிச் சாவியை எடுத்து மேலாளரின் பிடரியில் வைத்தார். விக்கல் சட்டென்று நின்றது. அதே நொடியில் ஆய்வுக்காக உயரதிகாரி உள்ளே நுழைந்ததும், அவரைக் கண்டு மேலாளருக்கு மூச்சே நின்றுபோனதும் வெறும் தற்செயல் என்று அலுவலகம் ஒருமனதாக முடிவு செய்தது. சாவிக்குச் சக்தி உண்டு. சாவிக்கு உண்டென்றால் பூட்டுக்கு ஏன் இருக்கக் கூடாது? பூட்டுக்கு இருந்தால் கதவுக்கு? அறிவியல் இப்படித்தான் படிப்படியாக முன்னேறும்.

முன்னேறி, அது அவருடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாலையில் அலுவலகம் விட்டு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவர் முன்னறையில் அமர்ந்தால் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். காசு வாங்க மாட்டார். கேட்பதெல்லாம் மரியாதை ஒன்றுதான். அது சில்லறையாக அல்ல, மொத்தமாக. கழுத்துப் பிடிப்புக்கு நேற்றைய செய்தித்தாளை எட்டாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொல்வார். இன்றைய தாள் ஆகாது, சூடு. சளிக்குக் கிழக்கே இருந்து வந்த மழையின் தண்ணீர். மேற்கே இருந்து வந்த மழை பங்காளித் தகராறுக்கு. முழுநிலவில் காயவைத்த கரண்டி மனக்கவலைக்கு. வானவில்லைக் காட்டிவைத்த முகக்கண்ணாடி தோல் அரிப்புக்கு. அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார், வானவில் வெளியே போய்விடாமல்.

இவையெல்லாம் இருக்க இடம் வேண்டும். முன்னறையில் இருந்த ஒரே மேசை அவளுடையது. முதலில் ஒரு கிண்ணம் வந்தது. பிறகு கிண்ணத்துக்குத் துணையாக இன்னொன்று. அவள் கத்தரிக்கோலை நகர்த்தினாள். நூற்கண்டுப் பெட்டியைத் தரைக்கு இறக்கினாள். துணி வெட்டுவதைப் படுக்கையறைக் கட்டிலுக்கு மாற்றிக்கொண்டாள். கடைசியில் அந்த மேசையில் அவளுக்கு என்று மிஞ்சியது தையல் இயந்திரத்தின் ஊசிக்குக் கீழே இருக்கிற இடம் மட்டும்தான். இருந்தாலும் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. குறை இருந்தால் தீர்க்கிறவர் வீட்டிலேயே இருக்கிறாரே.

அவருடைய திறமைக்குச் சான்றாக மாடி வீட்டு அக்காவின் முட்டியைச் சொல்ல வேண்டும். அந்த முட்டி வாரம் தவறாமல் வரும்.

"சார், முட்டி இன்னும் வலிக்குதே."

"எந்த முட்டி?"

"வலது."

"போன தடவை இடது இல்ல?"

"இல்ல சார், அப்பவும் வலதுதான்."

"அப்ப வந்தது அப்பவே சரியாயிடுச்சு. இது வேற."

அக்கா தன் முட்டியைப் புதிய மரியாதையோடு பார்த்தாள். சும்மா இருந்துகொண்டு எத்தனை வலியை வைத்திருக்கிறது!

"துடைப்பத்தை எங்க வெச்சீங்க?"

"சொன்ன மாதிரியே கதவுக்குப் பின்னாடி."

"நிக்க வெச்சீங்களா, படுக்க வெச்சீங்களா?"

"நிக்க வெச்சேன் சார்."

"அதான் பாத்தேன். துடைப்பம் நின்னா நீங்க எப்படி நிக்க முடியும்? அது படுத்தாத்தான் நீங்க எழுந்திருக்க முடியும்."

"அட, இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க," என்று முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள் அக்கா. வாசலில் நின்று தையல்காரியிடம் கிசுகிசுத்தாள். "குடுத்து வெச்சவம்மா நீ. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே. தலைவலின்னு சொன்னா, உனக்குத் தலை இருக்கான்னு கேக்குது."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது விலாவுக்குக் கீழே சுருக்கென்றது.

அந்த வலி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வலது விலாவின் கீழ் விளிம்பில், ரவிக்கையின் பக்கத் தையல் முடிகிற இடத்தில், யாரோ மொட்டைக் கத்தரியால் தடித்த துணியை வெட்ட முயல்கிற மாதிரி தொடங்கும். வெட்டி முடிக்காது. அங்கிருந்து முதுகைச் சுற்றித் தோள்பட்டைக்கு ஏறும். எண்ணெயில் பொரித்தது எதையாவது சாப்பிட்டால் சொல்லிவைத்தாற்போல் வரும். சில மணி நேரம் இருந்துவிட்டு, விருந்தாளி மாதிரி சொல்லாமல் கிளம்பிப் போய்விடும்.

முதல் தடவை அவரிடம் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "என்னங்க, இங்க வலிக்குது," என்றதும் அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். எங்கே, எப்படி, எப்போது என்று கேட்டார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவளை இவ்வளவு கேட்டதில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. எலுமிச்சம்பழம் ஒன்றை வலது பக்கத் தலையணைக்கு அடியில் அவரே கொண்டுவந்து வைத்தார். அந்தக் கை அவள் காதோரம் உரசிப் போனது. விடிந்தபோது வலி இல்லை.

"என்ன, போச்சா?"

"போச்சுங்க."

"முடிஞ்சுது," என்றார் அவர். கையில் முத்திரை இல்லை என்பது ஒன்றுதான் குறை.

அடுத்த முறை வந்தபோது அவள் மறுபடியும் போய் நின்றாள்.

"என்னங்க, மறுபடியும் வலிக்குது."

"மறுபடியும்னு சொல்லாத. அது முடிஞ்சு போச்சு. இது எப்ப ஆரம்பிச்சுது?"

"அதேதாங்க. அதே இடம்."

"குழாய் அதே குழாயா இருக்கலாம். குறை வேற. எப்ப ஆரம்பிச்சுதுன்னு மட்டும் சொல்லு."

"சாப்பிட்டப்புறம்."

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. இப்பவே புடிச்சிடலாம்," என்று அவர் உப்புக் கிண்ணத்தை எடுத்துவரப் போனார்.

அதற்கடுத்த முறை கிராம்பு கட்டிய நூல். அதற்கும் அடுத்த முறை, கட்டில் கால் நான்கிலும் ரப்பர் வளையம். ஒவ்வொன்றும் விடியற்காலையில் வெற்றி பெற்றது. வலிகள் எல்லாம் அந்த வீட்டில் தலைப்பிள்ளைகளாகவே பிறந்தன. ஒன்றுக்குக்கூட அக்காவோ அண்ணனோ கிடையாது. முன்பு வந்ததோடு இதைச் சேர்த்துப் பார்க்கிற உரிமை அவளுக்கு இருக்கவில்லை. அவளும் மெல்ல அப்படியே பழகினாள். வலி வரும்போது 'இதோ வந்துவிட்டது' என்று நினைப்பதை விட்டுவிட்டு, 'யார் இது?' என்று நினைக்கத் தொடங்கினாள்.

இன்னொன்றும் பழகினாள். மாலையில் ஆட்கள் வருகிற நேரத்தில் வலிக்காமல் இருப்பது. வைத்தியர் வீட்டிலேயே வலி என்றால் ஊர் என்ன சொல்லும்? அந்த நேரத்தில் வந்துவிட்டால் இயந்திரத்தின் விளிம்பில் விலாவை அழுத்திக்கொண்டு, மிதியை வேகமாக மிதிப்பாள். இயந்திரச் சத்தத்தில் முனகல் கேட்காது. இப்படி அவள் தைத்த தையல்கள் வழக்கத்தைவிட நேராக இருந்ததாக வாடிக்கைக்காரர்கள் பாராட்டினார்கள்.

ஒரு முறை மட்டும் தாங்காமல், ஆட்கள் போன பிறகு கேட்டுவிட்டாள். "ஏங்க, வந்து வந்து போகுதே. நிஜமாவே போகுதுன்னு நினைக்கறீங்களா?"

அவர் வருத்தப்பட்டார். கோபப்படவில்லை; அவர் கோபக்காரர் அல்ல. "ஊர்ல அத்தனை பேருக்கும் கேக்குது. உனக்கு மட்டும் கேக்கலைன்னா பொருள்ல கோளாறு இல்ல. மனசுல இருக்கு. சும்மா வலிக்குது வலிக்குதுன்னு நினைச்சா வலிக்கத்தான் செய்யும்."

அன்று அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு தன் மனத்தைத் தேடிப் பார்த்தாள். வலியை அவள்தான் நினைத்து நினைத்து உண்டாக்குகிறாளா? இருக்கலாம். சும்மா இருக்கும்போது அவள் என்னென்னவோ நினைக்கிறவள்தான். கடலோரமாக ஒரு வீடு இருப்பதாக நினைத்திருக்கிறாள். அது உண்டாகவில்லை. வலி மட்டும் எப்படி உண்டானது என்று யோசித்தபடியே உறங்கிப்போனாள்.

அந்த வீட்டில் அறிவியலுக்கு எதிரி ஒருத்தி இருந்தாள். மகள். பல்பொருள் அங்காடியில் பில் போடுகிற வேலை. நாள் முழுக்க வரிசையில் நிற்கிற முகங்களைப் பார்த்துப் பார்த்து நாக்கு கூராகிவிட்ட பெண்.

"அப்பா, எங்க கடைல கல்லுப்பு தீர்ந்து போச்சாம். காரணம் யாருன்னு மேனேஜர் தேடிக்கிட்டு இருக்கார்."

"நல்ல விஷயம் பரவத்தான் செய்யும்."

"எலுமிச்சம்பழம் வாங்குறவங்க யாருமே இப்ப ஜூஸ் போடறதில்லப்பா. எல்லாரும் அது மேல படுத்துக்கறாங்க."

அம்மாவிடம் அவளுடைய பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

"கிளம்பும்மா, டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாம்."

"எதுக்குடி? இப்ப வலி இல்லையே."

"வலிக்கிறப்போ கூப்பிட்டா, இந்த வலியோட எப்படி வர்றதுங்கற. வலிக்காதப்போ கூப்பிட்டா, வலி இல்லையேங்கற. நடுவுல ஏதாவது நேரம் ஒதுக்கி வெச்சிருக்கியா?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு?"

"என்ன நினைப்பாரு? உனக்கு ஏதோ உடம்பு சரியில்லன்னு நினைப்பாரு. ஒரு தடவையாவது நினைக்கட்டுமே."

தையல்காரி ஊசியில் நூலைக் கோத்தாள். டாக்டரிடம் போவது கணவரைக் கைவிட்டு வேறொருவரிடம் போவது போல அவளுக்குத் தோன்றியது. அதைவிட, டாக்டரும் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டால்? அப்புறம் அந்த வலியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் சொன்னது உண்மையாகிவிடுமே. அந்தப் பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

இந்த நிலையில்தான் கண்காணிப்பாளர் தமது வாழ்நாள் சாதனைக்குத் தேதி குறித்தார். பருவத்தின் முதல் இடி. முதல் இடியின் ஒலி ஏறிய உப்பு எந்த வலியையும் வேரோடு பிடுங்கும் என்பது அவருடைய ஆய்வு முடிவு. வானிலை அறிக்கை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்று உறுதியளித்திருந்தது. அனைவரும் ஆளுக்கொரு ஸ்டீல் கரண்டியுடன் மொட்டை மாடியில் கூட வேண்டும் என்று அவர் முதலில் அறிவித்தார்.

"ஸ்டீல் கரண்டியைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடில இடிக்குக் காத்திருந்தா வலி கண்டிப்பா போயிடும்பா," என்றாள் மகள். "திரும்பி வரவே வராது."

அறிவிப்பு திருத்தப்பட்டது. கூட்டம் முன்னறைக்கு மாற்றப்பட்டது; ஜன்னல்களைத் திறந்துவைத்தால் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை முன்னறை நிரம்பிவிட்டது. மாடி வீட்டு அக்கா தன் முட்டியோடும், அவள் அழைத்து வந்த நாலைந்து பேர் தத்தம் முதுகு, பல், தோள்பட்டை சகிதமும் வந்து உப்புக் கிண்ணங்களை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள். தையல்காரி எல்லாருக்கும் தேநீர் போட்டு, வெங்காயத்தைப் பொரித்துத் தட்டுகளில் கொண்டுவந்து வைத்தாள். மீந்ததை அடுப்படியில் நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொண்டாள். வானம் இருண்டது. கண்காணிப்பாளர் கையை உயர்த்தினார். "யாரும் பேசக் கூடாது. முதல் சத்தம் உப்புக்குத்தான் போகணும்."

யாரும் பேசவில்லை. அவளுக்குள் அது தொடங்கிவிட்டிருந்தது. இந்த முறை அது கத்தரியாக வரவில்லை. உள்ளே பிடித்து முறுக்கியது. வியர்வை நெற்றியிலிருந்து இமைக்கு இறங்கியது. இயந்திரத்துக்குப் போனால் சமாளித்துவிடலாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். இயந்திரத்தின் மேல் கிண்ணங்கள் இருந்தன. அந்த நேரம் பார்த்து வானம் வெடித்தது. அவள் மடிந்து தரையில் விழுந்து, வாந்தி எடுத்தாள்.

"பாத்தீங்களா!" என்றார் கண்காணிப்பாளர். "வேலை செய்யுது! கிண்ணம் கைல இல்லாதவங்களுக்கே இப்படின்னா, உங்களுக்கெல்லாம் யோசிச்சுப் பாருங்க!"

"என்னா சக்தி!" என்றாள் மாடி வீட்டு அக்கா. "வேரோட வருது பாருங்க!"

யாரோ கைதட்டத் தொடங்க, எல்லாரும் தட்டினார்கள். உப்பு சிந்தாமல், ஒரு கையால் தொடையில்.

தரையில் கன்னம் பதிந்திருந்த அவளுக்கு மேசைக்கு அடியில் இருந்த உலகம் தெரிந்தது. தொலைந்துபோனதாக நினைத்த பொத்தான்கள், நூல் துணுக்குகள், ஒரு குண்டூசி. கைதட்டல் மழை மாதிரி கேட்டது. ஒருவேளை அவர்கள் சொல்வது சரிதானோ, குணமாவது என்றால் இப்படித்தான் இருக்குமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு மகிழ்ச்சியை அந்த முகத்தில் அவள் பார்த்ததே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததோ இடியை.

"வண்டி கூப்பிடு," என்றாள் அவள், ஓடிவந்து குனிந்த மகளிடம்.

"பாதில எழுந்து போனா பலிக்காது!" என்று பதறினார் அவர். "அடுத்த இடி வரைக்காவது இரு!"

"அடுத்த இடி நான்தான்," என்றாள் மகள். அம்மாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, கிண்ணங்களைத் தாண்டி நடந்தாள்.

மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகு வலி தணிந்தது. டாக்டர் அம்மாள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா இந்த வலி?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லக் கூடாது. "இது இன்னைக்குத்தாங்க வந்துச்சு."

"இதுக்கு முன்னாடி வந்ததே இல்லையா?"

"வந்துச்சு. ஆனா அதெல்லாம் முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? யாரு முடிச்சது?"

"எங்கப்பா," என்றாள் மகள். "முதல்ல எலுமிச்சம்பழம் வெச்சு முடிச்சாரு. அப்புறம் உப்பு. அப்புறம் கிராம்பு. நடுவுல கட்டில் காலுக்கு ரப்பர் வளையம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "கட்டிலுக்கு எப்படி இருக்கு இப்ப?"

"நல்லா இருக்குங்க," என்றாள் தையல்காரி, மரியாதையாக.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். கறுப்பும் சாம்பலுமாக ஏதோ தெரிந்தது. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கோட்டுப் பொத்தான் அளவு இருக்கும் என்று அவள் கண்ணாலேயே அளந்தாள்.

"பித்தப்பைல கல்லு. அது பையோட வாய்ல வந்து அடைக்கிறப்போ வலிக்கும். நகர்ந்துட்டா நின்னுடும். உங்களுக்கு மாசக்கணக்கா வந்துக்கிட்டிருக்கறது எல்லாம் ஒரே வலிதாம்மா. இப்ப பை வீங்கி, சீழ் கட்ட ஆரம்பிச்சாச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வலி. எலுமிச்சம்பழ வலி, உப்பு வலி, இயந்திரத்தை மிதித்துக்கொண்டே மறைத்த வலி, ஒன்றையொன்று தெரியாமல் இத்தனை நாளும் தனித்தனியாக அலைந்தவை எல்லாம் வந்து அந்த வெள்ளைப் புள்ளியில் கைகோத்துக்கொண்டு நின்றன. அவள் நினைத்து உண்டாக்கியது அல்ல. எடுத்துக் கையில் வைக்கலாம். அவளுக்கு அழுகை வந்தது.

"பயப்படாதீங்க, சின்ன ஆபரேஷன்தான்," என்றாள் டாக்டர்.

"பயம் இல்லைங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அவள். "ரொம்ப சந்தோஷமா இருக்கு. கல்லுதானே?"

கண்காணிப்பாளர் வந்துசேர்ந்தபோது கையில் மூடிபோட்ட ஒரு கிண்ணம் இருந்தது. டாக்டர் சொன்னதை எல்லாம் தலையசைத்துக் கேட்டார். துறை சார்ந்தவர் துறை சார்ந்தவரோடு பேசுகிற நிதானத்தோடு விளக்கினார்.

"நாங்க எதிர்பார்த்ததுதான் டாக்டர். உடம்பு முழுக்கச் சிதறிக் கிடந்த வலியை உப்பு ஒரே இடத்துல கூட்டிக் கொண்டு வந்து கல்லாக்கிடுச்சு. இல்லாட்டி நீங்க எங்கன்னு தேடுவீங்க?"

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பை கிழிஞ்சிருக்கும் சார். உயிருக்கே ஆபத்து."

"கிழியலையே," என்றார் அவர். "அதுதான் இடி."

டாக்டர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டினாள். வாழ்நாளெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, படிக்காமலே போட்டது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தையல்காரி கண்விழித்து, போர்வையை விலக்கி, தன் வயிற்றில் இருந்த தையல்களை வரிசையாகப் பார்வையிட்டாள். மூன்று சுத்தம். தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்ததில் மட்டும் முடிச்சு கொஞ்சம் தடித்துவிட்டது, பரவாயில்லை, சேலைக்கு உள்பக்கம்தானே. நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்தாள். உள்ளே கல். பழுப்பும் மஞ்சளுமாக, ஓரத்தில் மினுமினுப்போடு. வாங்குவதற்காக அவள் கையை நீட்டுவதற்குள் அவர் வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே, எப்படி, எப்போது என்று நர்ஸிடம் கேட்டார்.

வீடு திரும்பிய பிறகு அவள் உள்ளறையில் படுத்திருந்தாள். பாரம் தூக்கக் கூடாது, இயந்திரம் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. ஆகவே மேசையில் அந்தக் கடைசி இடமும் காலியாக இருந்தது. குப்பி அங்கே போய் அமர்ந்தது. முழுநிலவில் ஒரு நாள் வைத்தார்; கிழக்கு மழையில் ஒரு தரம் கழுவினார். அப்புறம் முன்னறையில் கூட்டம் இருமடங்கானது. கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் அவளுக்குக் கேட்டது.

"தொட்டுப் பாக்கலாமா சார்?" இது மாடி வீட்டு அக்கா.

"மூடியோட தொடுங்க. மூடி இல்லாம தாங்க மாட்டீங்க."

"அப்பாடி, ஜிலுஜிலுன்னு ஏறுது! எங்க சார் கிடைச்சுது?"

"எங்கயும் அலையல. நம்ம வீட்லயே விளைஞ்சது."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது என்பது அவளுக்கு அன்று அப்படியே நடந்தது. தையல் வலித்தது. இந்த வலியை அவளுக்குத் தெரியும். பெயர் உண்டு, இடம் உண்டு, ஆறுகிற நாளும் உண்டு. படுக்கையைப் பிடித்து மெல்ல எழுந்து, சுவரோரமாக நடந்து முன்னறை வாசலுக்கு வந்து நின்றாள்.

மாடி வீட்டு அக்கா அன்றைக்குத் தன் கணவரையும் இழுத்து வந்திருந்தாள். எதையும் நம்பாத மனிதர். நெஞ்செரிச்சல். குப்பியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, வாங்கப்போகிற காய்கறியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் துக்கடாக் கல்லு வேலை செய்யும்னா சொல்றீங்க?"

"நம்பணும் சார்," என்றார் கண்காணிப்பாளர், கண்களை லேசாக மூடி. "நம்பாதவங்களுக்கு எந்தப் பொருளும் வேலை செய்யாது."

"அப்படி இல்லைங்க," என்றாள் அவள் வாசலில் இருந்து. எல்லாரும் திரும்பினார்கள். "அது என் வயித்துக்குள்ள இருந்த வரைக்கும் நீங்க ஒரு நாள்கூட நம்பல. ஆனாலும் அது பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."